இல்லம் பேணல்: பழைய ஜன்னலை மாற்றலாமா?



சென்ற திங்கள் இப்பகுதியில் தண்ணீர்த் தொட்டியைத் துப்புரவு செய்வது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த மேற்கு தில்லி அன்பர் ஒருவர், தண்ணீரைப் பற்றி எழுதிய நீங்கள் காற்றைப் பற்றி எழுதலாகாதா என்று கேட்டு நீண்ட கடிதம் ஒன்று வரைந்திருக்கிறார். அதன் சாரம் இது:

1980களில் எழுந்த மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் அவர் குடும்பம் வசித்து வருகிறது. ஜன்னல்கள் யாவும் இரும்புச் சட்டத்தால் ஆனவை. துருவேறி, கீல் இறங்கி, ஒன்றாவது ஒழுங்காகச் சாத்திக்கொள்வதில்லை. வீட்டில் 78 வயதான தாயார் இருக்கிறார். மார்கழி பிறந்தால் அவருக்கு இருமலும் பிறந்துவிடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஃபைபர்கிளாஸ் ஜன்னலுக்கு நிகர் இல்லை என்கிறார். இங்குள்ள கடைக்காரரோ யுபிவிசி தவிர வேறொன்றும் வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறார். துணைவியாரோ, "இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் ஊருக்கே போய்விடப் போகிறோம், இந்த வீட்டு ஜன்னலுக்கு இவ்வளவு பணம் போடுவானேன்?" என்கிறார். மூவரில் எவர் சொல்வது சரி என்பது அன்பரின் கேள்வி.

முதல் இருவரின் கூற்றையும் முதலில் ஆராய்வோம். மூன்றாவது கேள்வியே கடினமானது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம்.

நம் முன்னோர் ஜன்னலுக்கு இட்ட பழம்பெயர் 'காலதர்' என்பது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! 'ஜன்னல்' என்பதோ போர்த்துகீசியர் தந்துவிட்டுப் போன சொல். ஊரில் வீடு கட்டுகிறவர்கள் காற்றை அழைப்பதற்காக ஜன்னல் வைக்கிறார்கள். தில்லியிலோ ஆண்டில் பாதி நாள் காற்றைத் தடுப்பதற்காகவே ஜன்னல் வேண்டியிருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரியைத் தொடும் அனல்காற்று. அதனோடு வரும் புழுதி. ஐப்பசி கார்த்திகையில் புகைமூட்டம். ஜனவரி இரவுகளில் 4, 5 டிகிரிக்கு இறங்கும் குளிர். ஊர்ப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இவ்வூர் ஜன்னலைத் தேர்ந்தெடுக்க இயலாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

நோயை அறிந்து மருந்து

ஜன்னலை மாற்றுமுன், அதற்கு உண்மையில் என்ன குறை என்று பார்த்துவிட வேண்டும். காற்று வீசும் நாளொன்றில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, ஊதுவத்தி ஒன்றை ஏற்றி, சாத்திய ஜன்னலின் ஓரமெங்கும் மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். புகை நேராக எழும் இடத்தில் குறை இல்லை. புகை கலைந்து உள்நோக்கி ஓடும் இடத்தில் வழி இருக்கிறது. அந்த வழி கதவுக்கும் நிலைக்கும் இடையில் இருக்கலாம். நிலைக்கும் சுவருக்கும் இடையிலும் இருக்கலாம். சுவரோரத்தில் மட்டும் காற்று வருமாயின், ஒரு கொத்தனாரும் கொஞ்சம் சிமெண்டும் போதும். புது ஜன்னல் வேண்டுவதில்லை. கதவும் நிலையும் நேராகவே இருந்து இடையே மட்டும் காற்று நுழையுமாயின், ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினாலே சில குளிர்காலங்கள் ஓடிவிடும். சட்டமே துருவால் உப்பிக் கோணிப் போயிருந்தால் மட்டும் மாற்றுவதைத் தவிர வழி இல்லை. அன்பர் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் வீட்டு ஜன்னல்கள் இந்தக் கடைசி இனத்தைச் சேர்ந்தவை என்றே தோன்றுகிறது.

யுபிவிசியும் ஃபைபர்கிளாஸும்

அமெரிக்கர் வினைல் என்பதும், நம் கடைவீதியில் யுபிவிசி என்பதும் ஒன்றே. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிவிசியின் உடன்பிறப்பு இது. மென்மையூட்டும் பொருள் எதுவும் சேராமல் விறைப்பாக வார்க்கப்படுவதால் முன்னால் ஒரு 'யு' சேர்ந்தது. 1950களில் ஜெர்மனியில் இதைக் கொண்டு ஜன்னல் செய்யத் தொடங்கினார்கள். துரு ஏறாது, செல் அரிக்காது, வர்ணம் அடிக்க வேண்டாம். சட்டத்தின் உட்புறம் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் வெப்பமும் குளிரும் எளிதில் கடப்பதில்லை. மூலைகளை உருக்கி ஒட்டிவிடுவதால் அங்கே இடைவெளியும் இல்லை.

ஆனால் இதற்கும் குறைகள் உண்டு. யுபிவிசி தனியே அவ்வளவு பலம் உடையதன்று. ஆகவே சட்டத்தினுள்ளே துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டையைச் செருக வேண்டும். வெளியே தெரியாத இந்தப் பட்டையை மெல்லியதாகப் போட்டோ, போடாமலே விட்டோ விலையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். நாளடைவில் கண்ணாடியின் பாரத்தால் கதவு தொங்கிவிடும். இன்னொன்று, வெயில். ஏறத்தாழ 75, 80 டிகிரியில் இப்பொருள் இளகத் தொடங்குகிறது. வெள்ளைச் சட்டம் அவ்வளவு சூடேறாது. மேற்கு வெயிலில் நிற்கும் கருஞ்சட்டமோ மிகவும் சூடேறி வளைந்துவிடக்கூடும். அழகுக்காகக் கரிய நிறம் கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஃபைபர்கிளாஸ் என்பது கண்ணாடியை நூலாக இழுத்து, அந்நூலைப் பிசினில் தோய்த்து, அச்சின் வழியே இழுத்து இறுகச் செய்த சட்டம். இதன் சிறப்பு இரண்டு. ஒன்று, பலம்: மெல்லிய சட்டமே பெரிய கண்ணாடியைத் தாங்கும். மற்றொன்று, நிலைத்த அளவு. எப்பொருளும் சூட்டில் நீண்டு குளிரில் குறுகும் அன்றோ? ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சட்டம் 40 டிகிரி வெப்ப மாறுதலுக்கு ஆட்படுவதாகக் கொள்வோம். யுபிவிசி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். ஃபைபர்கிளாஸோ அரை மில்லிமீட்டர்தான். கண்ணாடி நீள்வதும் அதே அளவே. சட்டமும் கண்ணாடியும் ஒன்றாக நீண்டு ஒன்றாகக் குறுகுவதால் இணைப்புகள் நெடுநாள் உறுதியாக இருக்கும். ஆகவே, பொருளின் தன்மையை மட்டும் பார்த்தால், மைத்துனர் சொல்வதில் பிழை இல்லை.

ஆனால் ஜன்னல் வாங்குவது பொருளின் தன்மையை மட்டும் பார்த்தன்று. ஃபைபர்கிளாஸின் மேற்பூச்சு வெயிலில் தேய்ந்தால் நார் வெளியே தெரியத் தொடங்கும்; மீண்டும் பூச்சு வேண்டும். நம் நாட்டில் ஜன்னலுக்கென்று இதைச் செய்வோர் மிகச் சிலரே. விலையும் கூடுதல். பத்து ஆண்டு கழித்து ஒரு தாழ்ப்பாள் உடைந்தாலோ, ரப்பர் பட்டை இறுகிப் போனாலோ, அதே அளவில் மாற்றுப் பொருள் கிடைக்குமா? பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்துப் பேட்டையில் இருக்கிறாரா? அமெரிக்காவில் இக்கேள்விகளுக்கு எளிதில் விடை கிடைக்கும், இங்கே கிடைப்பதில்லை. யுபிவிசி 4 மில்லிமீட்டர் நீள்கிறதென்றால், அதற்கேற்ற இடைவெளி விட்டுப் பொருத்தினால் தொல்லை தீர்ந்தது. ஆகவே தில்லியின் சாதாரணக் குடும்பத்திற்கு, எஃகுப் பட்டை உள்ளிட்ட வெள்ளை யுபிவிசியே போதுமானது என்பது நம் முடிவு.

அலுமினியம் வேண்டாமா என்று கேட்பீர்கள். அது பலமானது, மெல்லியது, சாதாரண வகை விலையும் குறைவு. ஆனால் யுபிவிசியைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். வெளிப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் இடையே வெப்பம் கடத்தாத பட்டை வைத்த வகை இக்குறையைப் பெரிதும் தீர்க்கும், விலை ஏறிவிடும். பெரிய பால்கனிக் கதவுகளுக்கு அது ஏற்றது. படுக்கையறை ஜன்னலுக்கு அவசியமில்லை.

பிற நகர அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மும்பையில் கடற்காற்றின் உப்பும் சாய்ந்தடிக்கும் மழையும் பகை. அங்கே திருகாணியும் கீலும் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது சட்டத்தின் பொருளைவிட முக்கியம். மழைநீர் வெளியேறச் சட்டத்தின் அடியில் துளைகள் இருக்க வேண்டும். பெங்களூரின் மிதமான காற்றில், நன்றாகப் பேணிய பழைய தேக்கு ஜன்னலைப் பிடுங்கி எறிவது பாவம். கொல்கத்தாவின் பழைய வீடுகளில் இருக்கும் சாய்பலகை ஜன்னல்களும் அப்படியே. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் அவ்வமைப்புக்கு ஈடான ஒன்று புதுக் கடைகளில் எளிதில் அகப்படாது.

கண்ணாடியும் கதவும்

சட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஆனால் ஜன்னலின் பெரும்பகுதி கண்ணாடியே. ஒற்றைக் கண்ணாடி போட்டுவிட்டுச் சட்டத்திற்கு மட்டும் பணத்தைக் கொட்டுவது, ஓட்டைக் குடைக்கு வெள்ளிக் கைப்பிடி போட்டது போலாகும். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே 12 மில்லிமீட்டர் அளவு உலர்ந்த காற்றை அடைத்து ஓரத்தை மூடிய இரட்டைக் கண்ணாடி, குளிர் இரவில் நன்றாக உதவும். ஓரம் விட்டுப்போனால் இடையே பனி படர்ந்து பார்வை மங்கும். ஆகவே அதற்கு உத்தரவாதம் கேட்டு வாங்க வேண்டும். தெருவோசை தொல்லையாயின், நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி நல்லது.

கோடை வெயிலுக்கோ கண்ணாடியைவிட நிழலே மருந்து. உட்புறத் திரை, வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகு தடுப்பது. வெளிப்புறத்தில் தொங்கும் மூங்கில் தட்டி, வருமுன் காப்பது. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டும் வழக்கம் இந்த ஊரில் வெகுகாலமாக இருந்ததே. உலர்ந்த அனல்காற்றுக்கு அது இன்றும் பலிக்கும்.

கதவு திறக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. தள்ளு ஜன்னலில் கதவுகள் ஒன்றையொன்று தாண்டிச் செல்ல வேண்டியிருப்பதால் இடையில் வெறும் தூரிகை போன்ற பட்டைதான் இருக்கும். புழுதி நுழைந்தே தீரும். கீல் வைத்துத் திறக்கும் கதவோ ரப்பர் பட்டையின்மேல் அழுந்திச் சாத்திக்கொள்கிறது. முதியவர் படுக்கும் அறைக்குக் கீல் கதவே வேண்டும். குளிர்கால நச்சுப்புகையில் உள்ள 2.5 மைக்ரான் துகள், தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு அளவே. எந்த ஜன்னலும் அதை முற்றும் தடுத்துவிடாது. ஆனால் நுழைவது குறையும். அறையில் காற்று வடிகட்டும் கருவி வைத்தால் அதன் உழைப்பு வீணாகாது.

உயிர் காக்கும் எச்சரிக்கை

இனிச் சொல்லப்போவதை அன்பர்கள் அருள்கூர்ந்து இருமுறை படிக்க வேண்டும். ஓட்டை ஜன்னல் நமக்குத் தெரியாமல் ஓர் உபகாரம் செய்து வந்தது. குளியலறையில் காஸ் கீசர் எரியும்போதும், அறையில் கரியடுப்பு வைத்துக் குளிர்காயும்போதும், அந்த ஓட்டைகள் வழியேதான் நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. புது ஜன்னல் இறுகச் சாத்தியதும் அவ்வழி அடைபடுகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றுவதை உணருமுன்பே மனிதர் சாய்ந்துவிடுவார். வட நாட்டில் குளிர்காலந்தோறும் இவ்விதம் உயிர்கள் போவதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம்.

ஆகவே, ஜன்னலை மாற்றும் வீட்டில் காஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில் காற்றோட்டமான இடத்திற்கு மாற்றுங்கள், அல்லது மின்சாரக் கீசர் வையுங்கள். படுக்கையறையில் கரியடுப்பு எக்காலத்தும் வேண்டாம். சமையலறையில் புகைபோக்கி விசிறியோடு காற்று உள்ளே வரவும் ஒரு வழி விடுங்கள். குளியலறையின் மேற்புறச் சிறு சாளரத்தை அடைத்துவிடாதீர்கள்.

இன்னொரு சொல். திருட்டுக்கு அஞ்சி எல்லா ஜன்னலுக்கும் அசையாத கம்பி போட்டுவிடுகிறோம். தீப்பற்றினால் வெளியேற வழி? ஒரு ஜன்னலிலாவது உட்புறம் பூட்டும் திறப்புக் கம்பி வைத்து, சாவியை வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் மாட்டுங்கள்.

பொருத்தும் நாள்

நல்ல ஜன்னலும் கெட்ட கையில் கெட்டுப்போகும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். பழைய சுவர் நேராக இராது. மூன்றில் சிறியதே கணக்கு. நிலையை ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே திருக வேண்டும். சுவருக்கும் நிலைக்கும் இடையே விட்ட சந்தை நுரையால் நிரப்பி, வெளியோரத்தில் சிலிகோன் பசை இட வேண்டும். சிமெண்டை மட்டும் அப்பிவிட்டுப் போனால், முதல் கோடையிலேயே விரிசல் காணும். பணம் முழுவதையும் முன்னரே கொடுத்துவிடாதீர்கள். எஃகுப் பட்டையின் கனம், கண்ணாடியின் வகை, சட்டத்தில் ஈயம் சேராமை, உத்தரவாத ஆண்டுகள் ஆகிய நான்கையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். பொருத்திய பின் மீண்டும் ஊதுவத்தியை ஏற்றிப் பாருங்கள். அதன் புகை பொய் சொல்லாது.

எல்லா ஜன்னலையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதில்லை. கையிருப்பு குறைவானால், தாயார் படுக்கும் அறையின் வடக்கு ஜன்னல் ஒன்றை இவ்வாண்டு மாற்றுங்கள். மற்றவை காத்திருக்கட்டும்.

மூன்றாவது கேள்வி

இனி, துணைவியாரின் கேள்விக்கு வருகிறோம். ஊருக்குப் போகப் போகிறவர்கள் இங்கே பணம் போடுவானேன்?

இதற்கு நம் அனுபவத்தையே விடையாகத் தருகிறோம். நாமும் இந்நகருக்கு வந்தது சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான். அதனால் வீட்டில் எதையும் நிலையாகச் செய்துகொள்ளவில்லை. ஜன்னல் சந்துகளில் செய்தித்தாளைத் திணித்தோம். தாள் தீர்ந்தபோது நம் சங்க மாத இதழின் பழைய பிரதிகளையும் திணித்தோம். (எழுதியவர்கள் மன்னிப்பார்களாக!) நம் அன்னையார் அந்த ஜன்னலோரக் கட்டிலில்தான் படுப்பது வழக்கம். ஒவ்வொரு மார்கழியிலும், "இந்த ஜன்னலுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதாப்பா?" என்பார். "அடுத்த வருஷம் ஊருக்குத்தான் போகப் போகிறோமேம்மா" என்போம். அவரும் அதற்கு மறுமொழி சொல்லாமல் போர்வையை இழுத்துக்கொள்வார். இவ்வாறு பதினொரு மார்கழிகள் கழிந்தன. பன்னிரண்டாவது மார்கழியில் கேட்பதற்கு அவர் இல்லை.

ஜன்னலை மாற்றியிருந்தால் அவர் இன்னும் வாழ்ந்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு வயதும் ஆகியிருந்தது, நோயும் இருந்தது. ஆனால் அந்தப் பதினொரு குளிர்காலங்களிலும் அவர் சற்றுச் சுகமாக உறங்கியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஊருக்குத் திரும்பும் ஆண்டு இன்னும் வரவில்லை. அவர் போன மறு ஆண்டுதான் அந்த ஜன்னலை மாற்றினோம். இப்போது அவ்வறையில் காற்று நுழைவதில்லை. கட்டில் காலியாக இருக்கிறது.

வேலைக்காக வந்த ஊரை வழியில் தங்கும் சத்திரமாகக் கருதும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. நல்ல பாத்திரம் ஊர் வீட்டுக்கு. நல்ல கதவு ஊர் வீட்டுக்கு. இங்கே எதையாவது வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். ஊரின்மேல் உள்ள பற்று குற்றமன்று. ஆனால் நாம் திரும்பும் நாளை எதிர்பார்த்து இருமல் காத்திருப்பதில்லை. முதியவர்களின் வயதும் காத்திருப்பதில்லை. மூன்று ஆண்டு என்பது மூன்று குளிர்காலம். 78 வயதானவருக்கு அது சிறிய கணக்கா?

ஆகவே அன்பருக்கு நம் விடை: வெள்ளை யுபிவிசி, கீல் கதவு, இரட்டைக் கண்ணாடி, முதலில் தாயாரின் அறை. தீபாவளிக்குள் பொருத்திவிடுங்கள். ஊருக்குப் போகும் நாள் வந்தால் மகிழ்ச்சியோடு பூட்டிக்கொண்டு புறப்படுங்கள். அந்த ஜன்னல், அடுத்து வந்து குடியேறும் குடும்பத்தின் முதியவர் ஒருவரைக் காக்கும்.

ஜன்னல் மாற்றிய அனுபவம் உடைய பிற நகரத்து அன்பர்களும் தங்கள் நன்மை தீமைகளை எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் மகிழ்வோடு வெளியிடுவோம்.